சீனாவுக்குப் போக வெளிக்கிட்டு அல்லைப்பிட்டியில் இறங்கினோம்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஏன் என்று கடைசியில் விளங்கும்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் கதை தொடங்கியது. கொழும்பில் இருக்கும் ஒரு மச்சான், சீனாவின் பழைய நகரங்களைக் காட்டும் வீடியோ ஒன்றைப் போட்டார். லிஜியாங் என்ற ஊர். கல் பதித்த தெருக்கள், வீட்டு வாசலோடு ஓடும் வாய்க்கால்கள், சிவப்பு விளக்குகள் தொங்கும் மரவீடுகள். 1997இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த ஊர் அது. "எல்லாரும் குடும்பமாகப் போவோமா? கூட்டமாகப் போனால் விலை குறையுமாம்" என்று கேட்டிருந்தார். பிள்ளைகள் துள்ளினார்கள். அடுத்த நாள் அவர் விலைப்பட்டியலைப் போட்டார். அதன் பிறகு அரை நாள் குழுவில் ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதியை உடைத்தது எங்கள் உம்மும்மாவின் குரல் பதிவு. எண்பதைத் தாண்டியவர். "மகன், சீனாவைப் பிறகு பார்க்கலாம். கண் தெரியேக்குள்ள எனக்கு ஒருக்கா ஊரைக் காட்டுங்கோ."

அவர் 'ஊர்' என்றால் புத்தளம் இல்லை. முப்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தாலும் புத்தளம் அவருக்கு 'இங்க'. யாழ்ப்பாணம்தான் 'ஊர்'.

ஆகவே ஆகஸ்ட் லீவில் ஒரு பஸ் பிடித்தோம். மூன்று தலைமுறை, முப்பத்தெட்டுப் பேர், இரண்டு பெரிய சோற்றுச் சட்டிகள். படிப்பிக்கிற தொழிலில் இருப்பதால் வழியெல்லாம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. பஸ் புறப்படும்போதே ஒரு சிறுவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டான்: "அப்ப சீனா இல்லையா?"

"இருக்கு. போற வழியில காட்டுறம்" என்றோம். சும்மா சொன்ன பதில் அல்ல அது.

புத்தளத்தை விட்டுப் புறப்படும்போதே தொடங்கினோம். இப்னு பதூதாவைப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். மொரோக்கோவின் தாஞ்சியரில் பிறந்த பயணி. 1344இல் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் போகப் புறப்பட்டவரைக் காற்று இலங்கைக் கரைக்குத் தள்ளியது. அவர் இறங்கிய துறை பத்தாளா. அதாவது நம் புத்தளம். அங்கே அவரை வரவேற்றவர் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்து அரசரான ஆரியச் சக்கரவர்த்தி. முத்துக்குளிப்புக் காலம் அது. அந்த அரசருக்குப் பாரசீக மொழி விளங்கும் என்றும், அவருடைய கப்பல்களைத் தாம் முன்பே சோழமண்டலக் கரையில் கண்டதாகவும் இப்னு பதூதா எழுதிவைத்திருக்கிறார். அரசர் முத்துகளைக் கொடுத்தார். விருந்தாளி கேட்டது ஒன்றுதான்: பாவாத மலைக்குப் போக வழி. அரசர் பல்லக்கும் கொடுத்து, வழிகாட்ட யோகிகளையும் பிராமணர்களையும், சாமான் சுமக்க ஆட்களையும் கூட அனுப்பினார். முஸ்லிம் பயணி ஒருவர் ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதச்சுவட்டைப் பார்க்கப் போக, துணைக்கு ஆள் அனுப்பியவர் சைவ அரசர். 

அதே இப்னு பதூதா அடுத்த ஓரிரு வருடங்களில் சீனாவின் சைத்தூன் துறைமுகத்தில் இறங்கினார். இன்று அந்த ஊருக்குச் சுவான்சூ என்று பெயர். புத்தளம், யாழ்ப்பாணத்து அரசர், சீனா. மூன்றும் ஒரே மனிதரின் பயணப் பாதையில் வந்துவிட்டன. சிறுவனின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி தாண்டி ஆனையிறவு வந்தபோது பஸ்ஸுக்குள் பேச்சு நின்றது. பெரியவர்கள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். உப்புவெளியின் காற்று உள்ளே அடித்தது. மிருசுவில் அருகே வந்தபோது வாப்பா எழுந்து நின்று கையை நீட்டினார். "உசன் அந்தப் பக்கம். எங்கட மூத்தாக்கள் முதல் முதல் இருந்தது அங்கதானாம்."

இது நம் பெரியவர்கள் சொல்லிவந்த கதை. வணிகத்துக்காக வந்த நம் முன்னோர் முதலில் தென்மராட்சியில் உசன், மிருசுவில் பக்கம் இருந்தார்கள். பிறகு நல்லூர்ப் பக்கம் வந்தார்கள். அங்கிருந்தும் எழும்பி நாவாந்துறைக்கு அயலில், இன்றைய சோனகத் தெருவில் நிலைகொண்டார்கள் என்று சொல்வார்கள். அப்படியென்றால் 1990 நமக்கு முதல் இடப்பெயர்வு அல்ல. எழும்பிப் போவதும் வேறிடத்தில் அடுப்பு மூட்டுவதும் நமக்கு முன்பே தெரிந்த வேலை.

மறுநாள் காலை தீவுப்பகுதிக்குப் புறப்பட்டோம். பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். மீன்பிடிக் கூடுகளும் கொக்குகளும். பாலத்தைக் கடந்து மண்டைதீவுச் சந்தி தாண்டினால் அல்லைப்பிட்டி. வெள்ளை மணல், பனை, ஆங்காங்கே வீடுகள். பஸ்ஸை நிறுத்தச் சொன்னோம்.

"இதுதான் சீனா" என்றோம்.

பிள்ளைகள் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு மாடு நின்றது.

விளக்கம் இதுதான். இந்த மணலுக்குள்ளிருந்து சீனப் பீங்கான்கள் குவியலாக வெளிவந்தன. 1977இல் ஜோன் காஸ்வெல் என்ற ஆய்வாளர் இங்கே அகழ்ந்து பார்த்தார். கிடைத்தவை வட சொங் அரசர் காலத்துப் பாத்திரங்கள். ஏறத்தாழ ஆயிரம் வருடப் பழைமை. பெரும்பாலானவை தென்சீனாவின் குவாங்டொங் பகுதிச் சூளைகளில் சுட்டவை. 2018இல் ஷங்ஹாய் அரும்பொருட்சாலையின் ஆய்வாளர்கள், நம் நாட்டு மத்திய கலாசார நிதியத்தோடு சேர்ந்து இதே ஊருக்கு வந்து மீண்டும் அகழ்ந்தார்கள். தங்கள் ஊர்ச் சட்டிபானையைத் தேடி சீனர்கள் அல்லைப்பிட்டிக்கு வந்தார்கள் என்பது சின்ன விஷயமா? யாழ்ப்பாணக் கோட்டைக்குள் நடந்த அகழாய்வுகளிலும் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. போர்த்துக்கேயர் வந்து கோட்டை கட்டுவதற்கு முன்பே இந்தக் கரை உலகத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறது.

ஏன் இங்கே? ஊர்காவற்றுறை பக்கத்தில் இருப்பதால்தான். பழைய பெயர் ஊராத்துறை. போர்த்துக்கேயர் தங்கள் மொழியில் இறங்குதுறையைக் குறிக்கும் சொல்லால் அழைக்க, அது 'கயிட்ஸ்' ஆனது என்பர். மேற்கே அரபிக்கடல், கிழக்கே வங்கக்கடல். இரண்டு பக்கத்துக் கப்பல்களும் ஒதுங்கவும், தண்ணீர் எடுக்கவும், சரக்கு மாற்றவும் தோதான இடம்.

இதற்கு அரும்பொருட்சாலைதான் சாட்சி என்றில்லை. நம் குசினியும் சாட்சி. தேத்தண்ணிக்குள் போடுவதை நாம் சீனி என்கிறோம். பொரிக்கிற சட்டி சீனச்சட்டி. பெருநாளைக்குக் கொளுத்துவது சீனவெடி. பெயரே வந்த ஊரைச் சொல்கிறது. சைத்தூன் துறைமுகத்திலிருந்து அரபு வணிகர் ஏற்றிவந்த பளபளப்புத் துணிக்கு அந்த ஊரின் பெயரே ஒட்டி, அதுதான் பின்னாளில் 'சாட்டின்' ஆனது என்பார்கள். தையற்கடை வைத்திருந்த எங்கள் மூத்தவாப்பா வாழ்நாள் முழுக்கக் கல்யாணச் சட்டைகளுக்குச் சாட்டின் வெட்டியவர். அது எந்த ஊர்ப் பெயர் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குறிகட்டுவானில் படகு ஏறி நயினாதீவு போனோம். படகில் உம்மும்மாவை நடுவில் இருத்தி, இரண்டு பக்கமும் பேத்திமார் பிடித்துக்கொண்டார்கள். சின்னத் தீவு. அதற்குள் நாகபூஷணி அம்மன் கோயில், நாக விகாரை, நம் பள்ளிவாசல். மூன்றும் நடந்துபோகும் தூரத்தில். லுஹரைப் பள்ளியில் தொழுதுவிட்டு, நாங்கள் இந்தப் பயணத்துக்கே காரணமாக வைத்திருந்த கதைக்கு வந்தோம்.

அந்த அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலனறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்தது. சிங்கள அரசர். ஆனால் கல்வெட்டு தமிழில். பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து 1963இல் வெளியிட்டார். அது சொல்லும் செய்தி இதுதான்: பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால், சரக்கில் நாலில் ஒரு பங்குதான் அரசுக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிவரும் கப்பல் உடைந்தால், பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு.

அந்தக் காலத்தில் கரையில் உடைந்த கப்பல் என்றால் அது கரைக்குச் சொந்தக்காரனுக்கு என்பதே பல இடங்களில் வழக்கம். மலையாளக் கரையில் அப்படித்தான் என்றும், கள்ளிக்கோட்டையில் மட்டும் உடைந்த கப்பலின் சரக்கை உடையவனுக்கே விடுவார்கள், அதனால்தான் அந்தத் துறை செழித்தது என்றும் இப்னு பதூதா குறித்து வைத்திருக்கிறார். அவர் அங்கே போவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நம் ஊராத்துறைக்கு ஒரு விதி கல்லில் எழுதியாகிவிட்டது. இரக்கத்தில் மட்டும் எழுதியதல்ல. அரசருக்கு யானை வேண்டும், குதிரை வேண்டும். இழந்தவனை முழுவதும் இழக்க விட்டால் அடுத்த கப்பல் வராது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. நல்ல கணக்கு.

இதை மர நிழலில் இருந்து சொல்லி முடித்தோம். பிள்ளைகள் பங்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உம்மும்மா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல்ல உடைஞ்ச கப்பலுக்கே பாதியக் குடுத்திருக்கான் மனுசன்" என்றார். பிறகு, "எங்கட வீடு உடையவே இல்லையே மகன். உடையாத வீட்டில இருந்துதானே எழும்பி வந்தம்" என்றார்.

யாருக்கும் பதில் வரவில்லை.

1990 ஒக்டோபர் 30. நம் வாசகர்களுக்கு அந்த நாளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒலிபெருக்கி, ஜின்னா மைதானம், சில மணித்தியால அவகாசம், உடுத்த உடுப்பு, கையில் சில நூறு ரூபா. வட மாகாணம் முழுவதிலும் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். எங்களுக்கு அப்போது நடை பழகிய வயது. ஞாபகம் என்று ஒன்றும் இல்லை. ஞாபகம் எல்லாம் புத்தளத்து ஓலைக்குடில்தான். அங்கே கதவைத் திறந்து, கிணற்றில் தண்ணீர் தந்து, தங்கள் பாடசாலையில் எங்களுக்கும் இடம் தந்த புத்தளத்து மக்களை மறந்தால் நமக்கு இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேச உரிமையில்லை. அவர்களும் ஊராத்துறை விதியைத்தான் கடைப்பிடித்தார்கள், கல்வெட்டு இல்லாமலேயே.

மாலை திரும்பும் பஸ்ஸில் அந்தச் சிறுவன் மீண்டும் வந்தான். "சீனாவில இருந்த முஸ்லிம் ஆக்களுக்கு என்ன நடந்தது?" நல்ல கேள்வி. அதற்கான பதிலை உங்களுக்கும் சொல்கிறோம்.

சைத்தூன் அந்தக் காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அங்கே அரபிகள், பாரசீகர், தமிழர் எல்லோரும் இருந்தார்கள். ஹிஜ்ரி 400இல், அதாவது 1009-10இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் ஒன்றின் கல் வாசல் இன்றும் நிற்கிறது. தமிழ் வணிகர் அங்கே சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். மங்கோலியப் பேரரசரின் நலனுக்காக அதைச் செய்ததாக 1281இல் தமிழில் ஒரு கல்வெட்டும் பொறித்தார்கள். அடியில் ஒரு வரி சீனம். காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டை, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் செங் ஹே என்ற முஸ்லிம் குடும்பத்துக் கடற்தளபதி கொண்டுவந்ததை, நாம் பெருமையாகப் பேசுவோம். அதற்கு நூற்றுக்கு மேற்பட்ட வருடங்கள் முன்பே சீனத்துக் கரையில் தமிழ் எழுத்து இருந்தது.

இப்னு பதூதா சீனாவைப் பார்த்து வியந்த விஷயம் பாதுகாப்பு. ஒரு மனிதன் பெரும் பணத்தோடு தனியாக ஒன்பது மாதம் பயணம் செய்தாலும் பயமில்லை என்கிறார். விடுதியில் தங்குவோரின் பெயர்களை ஓர் அதிகாரி இரவில் எழுதிக்கொள்வார், காலையில் பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பார், அடுத்த விடுதி வரை ஆளைச் சேர்ப்பிப்பார் என்று விவரமாக எழுதுகிறார்.

அவர் போய்ப் பன்னிரண்டு வருடம்கூட ஆகவில்லை. 1357இல் அந்த நகரத்தின் பாரசீகப் படைப்பிரிவு ஒன்று கலகம் செய்தது. ஊர் பத்து வருடம் போர்க்களமானது. 1366இல் கலகம் அடக்கப்பட்டபோது, ஆயுதம் தூக்கியவன் யார், கடை வைத்திருந்தவன் யார் என்று பார்க்கவில்லை. வெளிநாட்டு முஸ்லிம்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் கிராமங்களுக்குள் ஒளிந்தார்கள். முந்நூறு நானூறு வருடம் சேர்த்த நம்பிக்கை பத்து வருடத்தில் போனது. துறைமுகமும் பழைய நிலைக்கு மீளவே இல்லை. கபுறுகளின் மீசான் கற்களும், பள்ளிகளின் கற்களும், தமிழ்க் கோயிலின் சிற்பங்களும் பெயர்க்கப்பட்டு நகரத்து மதில்களுக்கும் வேறு கட்டடங்களுக்கும் கல்லாகப் போயின.

ஆறு நூற்றாண்டு கழித்து, மதில்கள் இடிக்கப்பட்டபோது அந்தக் கற்கள் வெளியே வந்தன. பாதை போடுகிறவனுக்கும் வீடு கட்டுகிறவனுக்கும் அவை வெறும் கல். அவற்றைப் பார்த்து நின்றவர் வூ வென்லியாங் என்ற ஒரு பாடசாலை ஆசிரியர். உயிரியல் படிப்பித்தவர். அவருக்கு அரபும் தெரியாது, தமிழும் தெரியாது. அவர் முஸ்லிமும் அல்ல, தமிழரும் அல்ல. ஆனால் அது யாரோ ஒருவருடைய பெயர் என்பது தெரிந்தது. தேடித் தேடிச் சேர்த்தார். 1957இல் அந்தக் கற்களைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். தமிழ்க் கல்வெட்டு வெளிச்சத்துக்கு வந்ததும் அதே காலத்தில்தான், 1956இல். 2021இல் சுவான்சூ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அந்த மீசான் கற்கள் இன்று அந்த ஊரின் பெருமை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒளிந்துபோன குடும்பங்களில் ஒன்று டிங் வம்சம். சுவான்சூவுக்கு அருகே சென்தாய் என்ற கடற்கரை ஊரில் குடியேறினார்கள். காலப்போக்கில் மொழி மாறியது, உணவு மாறியது, வணக்கமும் பெரும்பாலும் விடுபட்டது. ஒன்றை மட்டும் விடவில்லை: வம்ச ஏடு. யார், யாருடைய மகன், எங்கிருந்து வந்தோம் என்ற எழுத்து. 1979இல் அவர்களை முஸ்லிம் வழிவந்த ஹுய் இனத்தவர் என்று அரசு ஏற்றபோது, கையில் இருந்த முக்கியமான சாட்சி அந்த ஏடுதான்.

இதைச் சொல்லி முடித்தபோது பஸ் சோனகத் தெருவுக்குள் வந்துவிட்டது.

ஐந்து சந்தியில் இறங்கி நடந்தோம். சில வீடுகள் திருத்தப்பட்டுப் பெயின்ட் அடித்திருந்தன. பல வீடுகளுக்குச் சுவர் மட்டும். சிலவற்றுக்கு அதுவும் இல்லை, அத்திவாரத்துக்குள் ஆலங்கன்று. உம்மும்மா யாரையும் கேட்காமல் நடந்தார். ஓர் ஒழுங்கைக்குள் திரும்பி, ஒரு கிணற்றுக்கட்டின் முன் நின்றார். "இதுதான்." வீடு இல்லை. கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தார். "தண்ணி நிக்குது" என்றார்.

பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு தமிழ் அம்மா வந்தார். இருவரும் ஒருவரையொருவர் சற்று நேரம் பார்த்தார்கள். பிறகு நடந்ததை எழுத்தில் வைக்க நமக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா வீட்டுக்குள் போய்ப் பழைய சேலையில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். பெரிய பீங்கான். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சஹன் வைத்தது. விளிம்பில் ஒரு துண்டு உடைந்திருந்தது.

"நாங்களும் தொண்ணூற்றைஞ்சில வெளிக்கிட்டனாங்கள்தானே அக்கா. கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டுப் போனது. வந்து பாக்க வீட்டுக் கூரை இல்லை, இது கிடந்தது" என்றார்.

1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த நாள். நாம் வெளியேறி, நாள் தவறாமல் ஐந்து வருடம். இந்தத் தேதிகளை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஒரு துயரத்தால் இன்னொன்றைக் கழிப்பதற்கில்லை. எங்கள் வீட்டுக் கணக்கு தீர்ந்துவிட்டது என்றும் இல்லை. ஆனால் தன் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடும் நேரத்தில் அயலாளின் பீங்கானுக்கும் ஒரு கிடங்கு வெட்டியவர் இந்த ஊரில் இருந்தார். அதையும் எழுதிவைக்காவிட்டால் நம் சரித்திரம் பொய்யாகிவிடும்.

பிள்ளைகள் பரபரப்பாகிவிட்டார்கள். "சீனாப் பீங்கானா? ஆயிரம் வருசமா?" ஆவலோடு அடியைத் திருப்பிப் பார்த்தோம். இங்கிலாந்து முத்திரை. எல்லோரும் சிரித்தோம். உம்மும்மாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

உறவுகளே, இப்போது ஏன் இவ்வளவு எழுதினோம் என்று சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் நமக்கு எவ்வளவு பழைய வேர் என்று காட்டுவதற்காக நாம் அடிக்கடி வாதாடுகிறோம். ஆயிரம் வருடமா, ஐந்நூறா, ஒல்லாந்தர் காலமா என்று. அந்த ஆராய்ச்சி வேண்டும். ஆனால் ஒரு மனிதனுக்குத் தன் வீட்டில் இருக்க ஆயிரம் வருடப் பீங்கான் வேண்டியதில்லை. ஊராத்துறை விதி நேற்று வந்து இறங்கியவனுக்கும் பாதுகாப்புச் சொன்னது. ஊரின் தரம் அங்கேதான் இருக்கிறது. அது மற்றவர்களுக்கு மட்டும் சொல்கிற பாடமும் இல்லை. நாளை நம் தெருவில் வேறு ஊரவர், வேறு மதத்தவர் வந்து குடியிருந்தால் அந்த விதி நம்மையும் கட்டும்.

இரண்டாவது விஷயம் அவசரமானது. 1990இல் முப்பது வயதில் வெளியேறியவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. தெருவை முழுமையாக அறிந்த தலைமுறை, கடையின் பெயர், வீட்டின் எல்லை, யாருக்கு யார் உறவு, யாரிடம் யார் தைத்தார்கள் என்று சொல்லக்கூடியவர்கள், ஒவ்வொரு ஜனாஸாவோடும் குறைந்துகொண்டே போகிறார்கள். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ் போன்றவர்களின் வரலாறு புத்தகத்தில் இருக்கிறது. தையற்காரர், இரும்புக்கடைக்காரர், லெப்பை, மருத்துவிச்சி, இவர்களின் வரலாறு எங்கே இருக்கிறது? அவர்களை அறிந்தவர்களின் வாயில் மட்டும்தான்.

சுவான்சூவில் ஒரு பாடசாலை ஆசிரியர் முன்பின் அறியாதவர்களின் மீசான் கற்களைச் சேர்த்தார். நாம் நம் சொந்தப் பாட்டியிடம் அரை மணித்தியாலம் இருந்து எழுத மாட்டோமா?

எங்கள் குடும்பத்தில் தொடங்கிவிட்டோம். எண்பது பக்கக் கொப்பி ஒன்று. ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. வீட்டுக்காரர் பெயர், தொழில், பிள்ளைகள், கிணறு எந்தப் பக்கம், அயலில் யார், 1990இல் என்ன விட்டு வந்தார்கள், யார் உதவினார்கள். திரும்பும் பஸ்ஸில் உம்மும்மா சொல்லச் சொல்லப் பேத்திமார் எழுதினார்கள். ஆனையிறவு வருவதற்குள் பதினொரு வீடு முடிந்தது. கிளிநொச்சியில் ஒரு வீட்டுக்காரரின் பெயருக்காக உம்மும்மாவும் வாப்பாவும் சண்டை பிடித்தார்கள். இரண்டு பெயரையும் எழுதிவைத்தோம்.

நீங்களும் உங்கள் வீட்டில் ஒரு கொப்பி வாங்குங்கள். எழுத்துப் பிழை பரவாயில்லை. பேச்சுத் தமிழில் எழுதுங்கள். போனில் குரலைப் பதிந்தாலும் நல்லது, ஆனால் போன் உடையும், கொப்பி இருக்கும். உங்கள் பக்கத்தில் எங்கள் தெருவைப் பற்றி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், பிழையாக எழுதியிருந்தால் திருத்துங்கள்.

மச்சான் நேற்றுக் குழுவில் மீண்டும் சீனா விலைப்பட்டியலைப் போட்டிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், ஒரு நாள் போவோம். லிஜியாங்குக்கு முன் சுவான்சூவுக்கு. அந்தக் கல் வாசலின் முன் நின்று ஸலாம் சொல்ல வேண்டும்.

பீங்கான் இப்போது புத்தளத்தில் இல்லை. "இங்க கொண்டுபோய் என்ன செய்ய? அங்கயே இருக்கட்டும். வீட்டைக் கட்டினாப் பிறகு எடுக்கலாம்" என்று உம்மும்மா அதை அந்த அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.